கண்ணுக்குள் செல்லும் கேளா ஒலி: அதனை அளப்பவர் யார்?

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி முதலிய ஊர்களிலிருந்து நாள்தோறும் காலைப் பேருந்துகளில் மதுரைக்கு வந்து இறங்கும் ஜனங்களுள் ஒரு சாரார் வியாபாரத்துக்காகவோ, வழக்குக்காகவோ, அம்மன் தரிசனத்துக்காகவோ வருபவர் அல்லர். பார்வை மங்கி, மகன் கையையோ பேத்தி கையையோ பற்றிக்கொண்டு, கண் வைத்தியத்தின் பொருட்டு வருபவர்கள் அவர்கள். வயது முதிர்ந்த குடியானவப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். களை பறிக்கப் போன இடத்தில் பயிர் எது, களை எது என்று தெரியாமற் போன பிறகே அவள் வைத்தியரைத் தேடி வருகிறாள். அதற்குள் கண்புரை முற்றிக் கண்மணி பாலேபோல் வெளுத்துவிடுகிறது.

வைத்தியசாலையில் அவளுடைய கண்ணில் மரப்பு மருந்தைச் சொட்டுவிட்டு, பேனாவைப் போன்ற ஒரு சிறு கருவியின் முனையைக் கருவிழியின்மேல் மெல்ல வைக்கிறார்கள். ஊழியர்கள் அதனைப் ‘புரோப்’ என்பர். யந்திரத்தின் திரையில் முட்களைப்போல் நாலைந்து கோடுகள் எழும்புகின்றன. பக்கத்தில் ஓர் எண் தோன்றுகிறது. 23.4 என்றோ 22.8 என்றோ தோன்றும் அவ்வெண், அவளுடைய கண்ணின் நீளத்தை மில்லிமீட்டரில் காட்டுவது. புரையை நீக்கியபின் கண்ணுக்குள் பொருத்தப்படும் செயற்கை வில்லையின் சக்தி எத்தனை டயாப்டர் இருக்கவேண்டும் என்பதை நிர்ணயிப்பதில் இவ்வெண்ணுக்கே முதலிடம். 1980-ம் வருஷத்தையொட்டி வழக்கத்துக்கு வந்த எளிய சூத்திரத்தின்படி, நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால் வில்லையின் சக்தியில் இரண்டரை டயாப்டர் பிழை நேரும். ரண சிகிச்சை குறைவற நடந்திருந்தும், நோயாளி தடித்த கண்ணாடியுடன் ஊர் திரும்ப வேண்டியதாகும்.

ஒலியைக்கொண்டு அளப்பானேன், ஒளியைக்கொண்டு அளக்கலாகாதா என்று வாசகர்கள் கேட்கலாம். அளக்கலாம். சென்ற கால் நூற்றாண்டில் ஒளியினால் கண்ணின் நீளத்தை அளக்கும் யந்திரங்கள் உலகெங்கும் பரவிவிட்டன. அவை ஒலி யந்திரத்தினும் நுட்பமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒளி உட்புகுவதற்குக் கண்ணில் வழி இருக்கவேண்டும். முற்றி வெளுத்த புரை அவ்வழியை அடைத்துவிடுகிறது. பட்டணத்தில் புத்தகம் படிக்கும் கனவான், எழுத்து சற்றே மங்கியவுடன் வைத்தியரிடம் செல்கிறார். அவருக்கு ஒளி யந்திரம் பயன்படும். கூலி வேலையையும் அறுவடையையும் கருதிச் சிகிச்சையை வருஷக்கணக்கில் தள்ளிப்போட்ட ஏழைக்கு ஒலி யந்திரமே கதி. ஆகவே, பழைய கருவி என்று சிலர் ஒதுக்கும் இக்கருவியின் யோக்கியதை, நம் நாட்டு ஏழைகளின் கண்பார்வையைப் பற்றிய பிரச்னையாகும்.

மதுரைக்கு இவ்விஷயத்தில் தனி உரிமையும் தனிக் கடமையும் உண்டு. டாக்டர் கோ. வேங்கடசாமி 1976-ம் வருஷத்தில் இந்நகரில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் அறிந்த ஸ்தாபனம். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், தம் கைக்கேற்ற கருவிகளைச் செய்வித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ரண சிகிச்சைகளைச் செய்தவர் அவர். செயற்கை வில்லைகள் அந்நிய நாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், அவற்றை இவ்வூரிலேயே செய்து மலிவாகக் கொடுப்பதற்காக 1992-ல் ஆரோலாப் என்னும் தொழிற்சாலை ஏற்பட்டது. வில்லையைச் செய்யும் திறமை மதுரைக்கு வந்துவிட்டது. வில்லையின் அளவைச் சொல்லும் ஒலியைப் பற்றிய அறிவும் வரவேண்டாமா?

அணுவளவு அசைவு, மலையளவு அமுக்கம்

மனிதன் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். கண்ணை அளக்கும் புரோப்பின் அதிர்வெண் நொடிக்குச் சுமார் ஒரு கோடி. இத்தகைய கேளா ஒலியைப் பிறப்பிப்பது, மின்சாரம் பாய்ந்தால் பருத்துச் சுருங்கும் ஒரு சிறு வில்லை. அமுக்கினால் மின்சாரம் காட்டும் படிகங்களைப் பிரான்ஸ் தேசத்தில் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்தனர். முதல் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக லான்ஜவன் என்னும் பிரெஞ்சு சாஸ்திரி அதனைக் கடலுக்குள் இறக்கினார். கடலில் தொடங்கிய வித்தை கண்ணில் வந்து முடிந்திருக்கிறது.

புரோப்பின் முகம் அதிரும்போது எவ்வளவு தூரம் அசைகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பே உண்டாகிறது. நீரில் ஏழு வளிமண்டல அளவுக்கு அமுக்கம் ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு முகத்தின் வேகம் நொடிக்கு அரை மீட்டர் இருந்தால் போதும். எறும்பைவிட விரைவு, நடக்கும் மனிதனைவிட மந்தம். அவ்வேகத்தில் நொடிக்கு ஒரு கோடி முறை முன்னும் பின்னும் செல்லவேண்டியிருப்பதால், அசையும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தலைமயிரின் தடிப்பைப் பதினாயிரம் கூறு செய்தால் ஒரு கூறுதான்.

இதனோடு ஒப்பிட, புரையை உடைத்து உறிஞ்சும் ‘பேக்கோ’ ஊசியைச் சொல்லலாம். 1967-ல் அமெரிக்காவில் கெல்மன் என்னும் வைத்தியர் இம்முறையைக் கொண்டுவந்தார். அதன் முனை நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிர்கிறது. இருபுறமும் சேர்த்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அசைகிறது என்று கொண்டால், அதன் உச்ச வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். மேலூர் பேருந்தின் வேகம் கண்ணுக்குள்ளே! முற்றிய புரையுடன் வரும் கிராமவாசிகளுக்கு இவ்வூசி இல்லாமலே, சிறு துளையின் வழியாகக் கையால் புரையை எடுக்கும் முறை நம் பக்கத்தில் பெரிதும் கையாளப்படுகிறது. அது வேறு கதை.

மீண்டும் புரோப்பிற்கு வருவோம். அதன் முகத்திலிருந்து கிளம்பும் ஒலி கண்ணுக்குள் எவ்விடத்தில் குவிகிறது, எவ்விடத்தில் மெலிகிறது, நேராகச் செல்கிறதா, கோணலாகச் செல்கிறதா? ஒலியின் கதிர் சற்றே சாய்ந்து விழித்திரையின் வேறோர் இடத்தில் பட்டு மீளுமானால், திரையில் தோன்றும் எண் பொய்யாகும். ஒலி கண்ணின் அடிவரை சென்று மீள எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறிட்டதில் 30 கூறுகளே. அக்காலத்தை யந்திரம் பிழையின்றி எண்ணலாம். ஆனால் எந்த வழியாகப் போய் வந்தது என்பதை யந்திரம் சொல்லாது.

தெப்பக்குளத்துக் கணக்கு

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நீர் நிறைந்திருக்கும் நாளில் கரையில் நின்று ஒரு கல்லை எறிந்தால் வட்ட அலை விரியும். பத்துப் பேர் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் பத்துக் கற்களை எறிந்தால், ஒவ்வொரு வட்டமும் தனித்தனியே விரிந்து, எதிரில் செல்லச் செல்ல ஒன்றோடொன்று கலந்து ஒரு நேர் வரிசை அலையாகும். சில இடங்களில் மேடும் மேடும் சேர்ந்து உயரும். சில இடங்களில் மேடும் பள்ளமும் சேர்ந்து நீர் அசையாமல் நிற்கும். எறிந்தவர்களில் ஒருவர் சற்றுப் பிந்தினாலும், ஒருவர் பெரிய கல்லை எறிந்தாலும், எதிர்க்கரையில் சேரும் அலையின் உருவம் மாறிவிடும்.

இதனைக் கணக்காக்கி உலகுக்கு அளித்தவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. நோயினின்று தேறுவதற்காக 1872-ல் எகிப்துக்குச் சென்று நைல் நதியில் படகில் தங்கியிருந்தபோது அவர் தொடங்கிய ஒலி சாஸ்திர நூல், 1877, 1878-ம் வருஷங்களில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அவரது முறையை எளிய சொற்களில் இவ்வாறு கூறலாம். அதிரும் முகத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரி. ஒவ்வொரு துண்டின் வேகமும் எவ்வளவு சடுதியில் மாறுகிறது என்பதை எடுத்துக்கொள். அதனைத் துண்டின் பரப்பாலும் நீரின் அடர்த்தியாலும் பெருக்கு. நாம் அறிய விரும்பும் புள்ளிக்கும் அத்துண்டுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகு. அத்தூரத்தைக் கடக்க ஒலிக்குப் பிடிக்கும் நேரம் பிந்தியே அது வந்து சேரும் என்பதை மறவாதே. இப்படி எல்லாத் துண்டுகளின் பங்கையும் கூட்டி, ‘பை’ என்னும் எண்ணின் இருமடங்கால் வகுத்தால் அப்புள்ளியின் அமுக்கம் கிடைக்கும். முகம் தட்டையாக இருந்து, அதனைச் சுற்றிலும் அசையாத சுவர் இருப்பதாகக் கொண்டால் இக்கணக்கு பிசகாது. சற்றே குழிந்த முகத்துக்கும், குழிவின் ஆரம் அலைநீளத்தைவிட மிகப் பெரிதாக இருக்குமளவும், பெரும் பிழை வராது.

வேகம் தெரிந்தால் அமுக்கம் தெரியும். ஆயின் அந்த வேகம் எங்கிருந்து தெரியும்? பாடப் புத்தகங்கள் முகம் முழுவதும் ஒரே வேகத்தில் உலக்கையைப்போல் முன்னும் பின்னும் செல்வதாக வைத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடும். அந்த அனுமானம் உண்மைக்குப் பொருந்துவதில்லை என்பதை நமக்கு முதன்முதல் தெளிவாகக் காட்டவல்லது அந்நிய நாட்டுக் கருவி எதுவுமன்று, நம் மிருதங்கமே. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன், கல்கத்தாவில் இருந்தபோது, சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 1920-ல் இந்திய மத்தளங்களின் தனித்தன்மையைப் பற்றி ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார். பிறகு 1934-ல் விரிவாக ஆராய்ந்து, தோலின்மேல் நுண்மணலைத் தூவி, தோலின் எப்பகுதி அதிர்கிறது, எப்பகுதி அசையாமல் நிற்கிறது என்பதைப் படம் பிடித்துக் காட்டினார். வலந்தலையின் நடுவில் இடப்பெறும் கரிய சாந்தின் கனம், தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்திச் சுருதியுள்ள நாதத்தை உண்டாக்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. சாந்து ஓரிடத்தில் உதிர்ந்தால் வித்துவான் உடனே கண்டுகொள்வார். காதே அங்கு பரீட்சகர். கேளா ஒலியின் புரோப்பில் ஒரு மூலை உதிர்ந்தால் கண்டுகொள்ள எவர் காதும் உதவாது.

ராமனே குறுக்கே வந்த கதை

புரோப்பின் முகத்தில் மணல் தூவ முடியாது. அசைவு அவ்வளவு நுண்ணியது. அதற்காக லேசர் ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பது எல்லோருக்கும் அனுபவம். அசையும் பரப்பில் பட்டு மீளும் ஒளிக்கும் அதே நியதி உண்டு. சிவப்பு லேசரின் அதிர்வெண் நொடிக்குச் சுமார் 474 லட்சம் கோடி. பரப்பு நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் அசைந்தால் அதில் ஏற்படும் மாறுதல் சுமார் 16 லட்சம். இவ்வளவு சிறிய மாறுதலைப் பிரித்தறிந்து, புள்ளி புள்ளியாக முகம் முழுவதையும் அளந்து, ராலேயின் கணக்கில் இட்டால் ஒலிக்களம் முழுவதும் கிடைக்கவேண்டும். யுக்தி அழகானது.

ஆனால் புரோப்பு நீருக்குள் வேலை செய்யும்போதே அதனை அளக்கவேண்டும். காற்றில் அதன் அசைவு வேறு. நீருக்குள் லேசரைச் செலுத்தினால், முகத்தை அடைவதற்கு முன்னும் மீளும்போதும் அந்த ஒளி, புரோப்பு எழுப்பிய ஒலியின் ஊடாகவே சென்று வரவேண்டியிருக்கிறது. ஒலி செல்லும் நீர் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விரிந்தும் இருப்பதால், அங்கங்கே ஒளி செல்லும் விரைவு மாறுகிறது. ஒலியலைகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பதை 1932-ல் அமெரிக்காவில் டிபையும் சியர்ஸும், பிரான்ஸில் லூகாவும் பிகாரும் கண்டனர். அது எங்ஙனம் நேர்கிறது என்பதைப் பூரணமாக விளக்கியவர்கள் பெங்களூரில் ராமனும் அவர் மாணாக்கர் நாகேந்திர நாத்தும். 1935, 1936-ம் வருஷங்களில், அதற்குச் சிறிது முன்னே ராமன் ஸ்தாபித்த இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் ஐந்து கட்டுரைகளாக அது வெளிவந்தது. இன்றும் ராமன்–நாத் சித்தாந்தம் என்றே உலகம் அதனை வழங்குகிறது.

எனவே, லேசரைக்கொண்டு முகத்தின் வேகத்தை அளக்கப் புகுந்தவனுக்கு, முகத்தின் அசைவோடு ராமன்–நாத் விளைவும் கலந்து ஒரு பொய் வேகம் கிடைக்கிறது. முகத்தின் ஓரங்களிலிருந்து கிளம்பும் அலைகள் சேர்ந்தால் பொய் இன்னும் பெரிதாகிறது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலெக் சபோஜ்னிக்கவும் அவரது சகாக்களும் இதனைச் சென்ற இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து எழுதி வருகின்றனர். நம் நாட்டார் கண்ட உண்மையை நாம் மறந்திருக்க, பிறர் அதனை நினைவில் வைத்துத் தம் அளவுகளைத் திருத்திக்கொள்கின்றனர் என்று கூறினால் அது வெறும் மனக்குறை ஆகாது என்பது நம் அபிப்பிராயம்.

அவர்கள் கையாளும் மாற்று வழி இது. முகத்தை நேரே அளவாமல், அதற்குச் சற்று முன்னே நீரில் ஒரு தட்டையான பரப்பைக் கற்பித்துக்கொண்டு, ஊசிமுனைபோன்ற ஒரு நீர்ச் செவியை அதில் புள்ளி புள்ளியாக நகர்த்தி, அமுக்கத்தையும் அது வந்து சேரும் தருணத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கணக்கினாலேயே காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தி, அந்த அலை முகத்தினின்று எவ்வாறு கிளம்பியிருக்கவேண்டும் என்பதைக் காண்கிறார்கள். முகத்தின் வேகம் கிடைத்தபின் அதனை முன்னோக்கிச் செலுத்தினால் கண்ணின் எந்தப் புள்ளியிலும் அமுக்கம் தெரியும். பழுதான துண்டு எது என்பதும் படத்தில் கரும்புள்ளியாகத் தெரிந்துவிடும். சக்தி மிகுந்த ஒலிக்கு இந்தக் கூட்டல் கணக்கு போதாது. அமுக்கம் மிகும்போது அலையே தன் உருவம் கோணுகிறது. கண்ணை அளக்கும் மெல்லிய ஒலிக்கு இதுவே தொடக்கமாகப் போதும்.

கணக்கின் பளுவையும் சொல்லிவிடவேண்டும். நீரில் ஒலியின் விரைவு நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். ஒரு கோடி அதிர்வுக்கு அலைநீளம் 0.15 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு ஒரு புள்ளியாக அளக்கவேண்டும் என்பது விதி. 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள முகத்துக்கு ஏறக்குறைய 2,200 புள்ளிகள் வரும். கண்ணின் கொள்ளளவை நீள அகல ஆழங்களில் நூறு நூறாகப் பிரித்தால் பத்து லட்சம் இடங்கள். ஆக, ஒரே அதிர்வெண்ணுக்கு 220 கோடிக் கூட்டல்கள். ராலே பிரபு நைல் படகில் உட்கார்ந்து இதனைச் செய்திருக்க முடியாது. இன்று கல்லூரி மாணவனின் மேஜைமேல் இருக்கும் கணினி சில நிமிஷங்களில் செய்துவிடும். லண்டனில் டிரீபி, காக்ஸ் என்பவர்கள் 2010-ல் வெளியிட்ட ‘கே-வேவ்’ என்னும் கணினி நிரலையும், டென்மார்க்கில் யென்சன் என்பவர் செய்த ‘ஃபீல்ட் டூ’ என்பதையும் எவரும் விலையின்றிப் பெறலாம். இன்னொரு செய்தியும் உண்டு. மேற்சொன்ன முகத்தின் ஒலி, சுமார் 27 மில்லிமீட்டர் தூரம் சென்ற பிறகே ஒழுங்கான கதிராக உருவெடுக்கும். அதுவரை ஏற்றமும் தாழ்வும் மாறி மாறி வரும் அண்மைக் களம். மனிதக் கண்ணின் நீளமோ சராசரி 23.5. கண் முழுவதும் அந்தக் குழப்பமான பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது! ஒலி சிறு சிறு துடிப்புக்களாகச் செல்வதாலும், முகத்தைக் குழிவாக்கி ஒலியைக் குவிப்பதாலும் இக்குழப்பம் தணிகிறது. எவ்வளவு தணிகிறது என்பதை அளந்தோ கணக்கிட்டோதான் சொல்ல முடியும்.

வரம்பும் முத்திரையும்

நோயாளிகள் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. நோயறியும் கேளா ஒலி, வரம்புக்குள் நின்று கையாளப்படுமளவும், மனிதருக்குத் தீங்கு செய்ததாக நிரூபிக்கப்படவில்லை. வரம்பு என்ற சொல்லே நாம் வற்புறுத்துவது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வகுத்துள்ள வரம்பின்படி, உடலின் மற்றப் பாகங்களுக்கு 1.9 வரை அனுமதிக்கப்படும் ‘யாந்திரிகக் குறியெண்’ கண்ணுக்கு 0.23-ஐத் தாண்டலாகாது. சதுர செண்டிமீட்டருக்கு 720 மில்லிவாட் என்னும் செறிவு கண்ணுக்கு 50 மட்டுமே. காரணம் வெளிப்படை: கண்ணின் வில்லையில் ரத்த ஓட்டம் இல்லை; அங்கே சூடு ஏறினால் அதனை வாங்கிச் செல்ல வழியில்லை.

ஆகவே, வயிற்றைப் பார்க்கும் பொது ஸ்கேன் யந்திரத்தை அவசரத்துக்குக் கண்மீது வைக்கும்போது, யந்திரத்தைக் கண்ணுக்குரிய நிலைக்கு மாற்றாமல் வைத்தால், குறியெண் வரம்பைப்போல் எட்டு மடங்கு வரை ஏற இடமுண்டு. விபத்தில் அடிபட்டு வருபவனின் கண்ணை அவ்விடத்திலேயே ஸ்கேன் செய்து பார்க்கும் வழக்கம் பெருகிவரும் நாளில், சிற்றூர் வைத்தியர்களும் ஊழியர்களும் நினைவில் வைக்கவேண்டிய செய்தி இது.

யந்திரம் புதிதாய் வரும்போது அதனோடு ஒரு பத்திரம் வருகிறது. இன்ன அமுக்கம், இன்ன செறிவு என்று அதில் எழுதியிருக்கிறது. ஐந்து வருஷம் உழைத்து, நாலு முறை கீழே விழுந்து, வடம் முறுக்கிய பிறகும் அப்பத்திரம் உண்மையாகவே இருக்குமா? சுவீடன் தேசத்தில் 32 ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகக் கையாளப்பட்டு வந்த 676 புரோப்புகளைப் பரிசோதித்து 2009-ல் வெளியிட்ட முடிவில், நூற்றுக்கு ஏறக்குறைய 40 பழுதுற்றவை என்று கண்டனர். செல்வமும் ஒழுங்கும் மிகுந்த தேசத்திலேயே இந்நிலை. நம் நாட்டில், கைமாறிக் கைமாறி விற்கப்படும் யந்திரங்களின் நிலை இதைவிடச் சிறப்பாக இருக்கும் என்று நம்புவதற்கு நமக்குக் காரணம் புலப்படவில்லை.

கீழமாசி வீதியில் பலசரக்கு விற்பவரின் தராசைக் காலந்தோறும் சர்க்கார் அதிகாரி வந்து சோதித்து முத்திரை இடுகிறார். தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் குன்றிமணி அளவு பிசகினாலும் வழக்கு. சர்க்கரையில் பத்துக் கிராம் குறைந்தால் வீட்டுக்காரருக்கு நஷ்டம் சில காசு. கண்ணின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஆயுள் முழுவதும் மங்கல். எதற்கு முத்திரை அதிகம் தேவை?

சட்டமும் பதிவேடும் இல்லாமலில்லை. கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுப்பதற்காக 1994-ல் பிறந்த சட்டத்தின்படி, வயிற்றை நோக்கும் ஸ்கேன் யந்திரங்கள் பதிவு செய்யப்பெற்றே இயங்கவேண்டும். அப்படியொரு சட்டம் நம் பிரதேசத்துக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதை, 1980-களில் உசிலம்பட்டி என்ற பெயர் எந்தத் துயரத்துக்காகப் பத்திரிகைகளில் அடிபட்டது என்று அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யந்திரம் யாரிடம் இருக்கிறது, யாருக்காக இயக்கப்பட்டது என்பதை அப்பதிவேடு கேட்கிறது, மிகவும் சரி. யந்திரம் வெளியிடும் ஒலி எவ்வளவு, கடைசியாக அளந்தது எப்போது என்னும் ஒரு பத்தியை அதில் சேர்த்தால் சர்க்காருக்குப் புதிய இலாகா எதுவும் வேண்டியிராது. கண் யந்திரங்களுக்கும் அதுபோலவே ஓர் ஏடு வைக்கலாம்.

அளப்பதற்கு எங்கே போவது என்று கேட்பர். புது டில்லியில் தேசியப் பௌதிக ஆராய்ச்சிச்சாலை இருக்கிறது. அதன் முதல் தலைவராய் இருந்து, 1950-ல் திறக்கப்பட்ட அந்த ஸ்தாபனத்தை உருவாக்கியவர் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்ற ஸர் கே. எஸ். கிருஷ்ணன் என்பது இந்நகரத்தார்க்குப் பெருமை தரும் செய்தி. (வேங்கடசாமியும் அதே கல்லூரியில் படித்தவர்தாம், ரசாயனம் கற்றுப் பட்டம் பெற்றபின் வைத்தியம் படிக்கப் போனார்.) ஆயினும், திருமங்கலத்தில் பழுதுபட்ட ஒரு புரோப்பை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பிவிட்டு எந்த வைத்தியசாலையும் வாரக்கணக்கில் காத்திருக்காது. டில்லி மூல அளவை வைத்திருக்கட்டும். நாள்தோறும் சோதிக்கும் வேலை இங்கே நடக்கட்டும்.

அதற்குப் பெரும் பணம் வேண்டும் என்பதும் முற்றிலும் உண்மையன்று. நீர்ச் செவியும், அதனை மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு நகர்த்தும் யந்திரமும் விலை உயர்ந்தவைதாம். ஆனால் தொடக்கத்தில் ஒரு நல்ல தராசு போதும். ஒலி ஒரு பொருளின்மேல் பட்டு அடங்கும்போது அதனைத் தள்ளுகிறது; நீரில் ஒரு வாட் ஒலிச் சக்தி தள்ளும் தள்ளு 68 மில்லிகிராம் எடைக்குச் சமம், அதாவது ஏறக்குறைய அரைக் குன்றிமணி. தெற்காவணி மூல வீதித் தராசே அதனைக் கண்டுகொள்ளும். கண் புரோப்பின் சக்தி இதனினும் பன்மடங்கு குறைவாதலால் கல்லூரிப் பரிசோதனைச்சாலையின் நுண்தராசு வேண்டும். அஃது ஏற்கெனவே பல கல்லூரிகளில் ரசாயனப் பகுதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதுதான். தராசு மொத்தச் சக்தியைச் சொல்லும். எங்கே குவிகிறது என்பதைச் சொல்லாது. மொத்தச் சக்தி பத்திரத்தில் உள்ளதற்கு மாறாக இருக்கும் புரோப்பை மட்டும் தனியே எடுத்து, புள்ளி புள்ளியாக அளந்து, கணினியில் அதன் களத்தை வரையலாம்.

நகரிலும் சுற்றிலும் பௌதிகம் கற்பிக்கும் கல்லூரிகள் பல. 1957-ல் தொடங்கிய தியாகராசர் பொறியியற் கல்லூரி ஒன்று. 1966-ல் பிறந்த பல்கலைக்கழகம் ஒன்று. இவற்றில் பட்டம் பெறுவதற்காக ஒவ்வோர் ஆண்டும் மாணவர் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் அலமாரியில் அடுக்கப்படுகின்றன. அவ்வாண்டுப் பயிற்சியில் ஒரு பகுதியை, கண் ஆஸ்பத்திரிகளிலும் சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் உள்ள புரோப்புகளை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்தும் வேலைக்கு ஒதுக்கினால் என்ன? வைத்தியசாலை புரோப்பை ஞாயிற்றுக்கிழமை கொடுத்துத் திங்கட்கிழமை காலை திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நிறுத்த நாள், நிறுத்தவர், கண்ட சக்தி, பத்திரத்தில் கண்ட சக்தி என்று நாலு பத்திகளுள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இவ்வருஷம் நூறு புரோப்புகளை நிறுத்துப் பார்த்தால், அடுத்த வருஷம் நீர்ச் செவி வாங்கவேண்டுமா என்பதை அந்த நோட்டுப் புத்தகமே சொல்லிவிடும்.